எட்டுப் பேர் வலித்த வள்ளம்

புதன்கிழமைகளில் பென்டில் ஹில் மண்டபத்துக்கு வந்து, மகன்மாரும் மகள்மாரும் காரோடு வரும்வரை கதை சொல்லிக்கொண்டிருக்கிற என் வயதுக்காரரே, இந்த வருட மலருக்கு ஆளுக்கொன்று எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் என் கதையை இன்னொருவர் எழுத விடமாட்டேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சொன்ன விஷயத்தை மட்டும் மாற்ற வேண்டாம். அதில் ஒரு மனிதருடைய நல்ல பெயர் இருக்கிறது.

நம்மோடு வந்து இருக்கிற மணிக்காரரின் மகள் சொல்லும் கதையை நீங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். அவருடைய தகப்பன் ஒரு கத்தோலிக்கக் கோயிலில் மணி அடிப்பவர். உயிரோடு இருந்த சுவாமியாருக்குத் துக்க மணி அடித்து, அதனால் வேலையும் வீடும் போய், ஊரை விட்டே போனவர். அவர் சொல்லும்போது நாங்கள் சிரிப்போம். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, கடைசியில், "வீடு போயிட்டுது, என்ன," என்பார். நானும் சிரித்திருக்கிறேன். மூன்று வருடமாகச் சிரித்திருக்கிறேன்.

இது தொடங்கியது ஒரு படத்தில். அதை இரண்டு தரம் பார்த்தேன். முதல் தரம் ஏழு வயதில். இரண்டாம் தரம் போன மாரியில், இங்கே, ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பாவித்த சாமான் விற்கிற கடையில்.

அன்று மகளுக்கு லீவு. அவள் கோப்பை பீங்கான் தேடிக்கொண்டு நின்றாள். நான் ஒரு பெட்டியில் கிடந்த பழைய ஆங்கில சஞ்சிகைகளைப் புரட்டினேன். படம் பார்க்க எழுத்துத் தேவையில்லையே. ஒன்றின் நடுப்பக்கத்தைத் திறந்தால், அந்த வள்ளம் நிற்கிறது. அதே படம் என்று சொல்லமாட்டேன். நான் சின்ன வயதில் பார்த்த படத்தில் ஆறு வலப்பக்கம் வளைந்து போகும். இதில் நேரே நம்மை நோக்கி வருகிறது. ஆனால் அதே நீளம், அதே மேலே வளைந்த நுனி, அதே சிவப்புக் குல்லாய்கள். அதை மகளிடம் கொண்டுபோனேன்.

"பிள்ளை, இதிலை என்ன போட்டிருக்கு, வாசி."

மகள் வாசித்துப் பார்த்தாள். "கனடாவாம் அம்மா. அந்தக் காலத்திலை மிருகத்தோல் யாவாரம் செய்த ஆக்கள் வள்ளத்திலை போறது. மரப்பட்டையிலை செய்த வள்ளமாம்."

"எங்கட சனம் போக முதலும் கனடாவிலை ஆக்கள் இருந்திருக்கினம் போல."

"அம்மா!" என்று சிரித்தாள். "உங்களுக்கு ஏன் இது?"

"வாங்கித் தா. பிறகு சொல்லுறன்."

பிறகும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, மருமகன் புல்லு வெட்டும்போது போடுகிற அகலத் தொப்பியைக் கொழுக்கியிலிருந்து எடுத்து, பின்வளவுக் குழாயடியில் வைத்து, ஒரு கிளாஸ் தண்ணீரை அதன் மேலே ஊற்றினேன். சரியாக அந்த நேரத்தில் மருமகன் வெளியே வந்தார்.

"மாமி, என்ன செய்யிறியள்?"

"இது என்னத்திலை செய்தது தம்பி?"

"முயல் மயிரெண்டு கடைக்காரன் சொன்னவன். ஏன்?"

"தண்ணி ஒட்டுதோ எண்டு பாக்கிறன்."

"மழை பெய்யேக்கை பாக்கலாமே மாமி."

"மழை வருமட்டும் இருக்க எனக்கு வயசில்லை."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போனார். தண்ணீர் சேம்பிலையில் ஓடுவதுபோல உருண்டு உருண்டு விழுந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். அது முயல். நான் அறிய வேண்டியிருந்தது வேறொரு பிராணியின் தொப்பியைப் பற்றி.

இனி முதல் படத்துக்கு வருகிறேன். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் ஐயா வள்ளம் வைத்திருந்தவர் என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். பொய்யல்ல. ஆனால் எனக்கு ஐந்து வயதிலேயே அவரும் வள்ளமும் கடலோடு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு என் அம்மா சுவாமியார் வீட்டுக் குசினியில் சமைத்துத்தான் என்னை வளர்த்தார். உங்களில் பலருடைய தகப்பன்மார் உபாத்தியாயர், தபாலதிபர். அதனால் நான் வள்ளத்தோடு கதையை நிறுத்திவிடுவேன்.

எங்கள் கோயிலில் இருந்தவர் பிறநாட்டுச் சுவாமியார். வெள்ளைத் தாடி, சிவந்த மூக்கு, புத்தகத்தில் அச்சடித்ததுபோல ஒரு தமிழ். அவருக்கு அவருடைய நாட்டிலிருந்து கப்பலில் சஞ்சிகைகள் வரும். அவர் வாசித்து முடித்தால் அவை குசினிக்கு வரும். அம்மா தாள்களைக் கிழித்து, பீங்கான் அடுக்குகிற தட்டுக்கு விரிப்பார். அப்படித்தான் அந்த வள்ளம் எங்கள் குசினிக்கு வந்தது. பெரிய சூப்புப் பீங்கான்களுக்கு அடியில், ஒரு மூலையில் எண்ணெய்ப் போத்தல் வைத்த வட்டக் கறையோடு.

அம்மா தேங்காய் துருவும்போது நான் பீங்கான்களை ஒவ்வொன்றாகத் தூக்கி நிலத்தில் வைத்துவிட்டு அந்தப் படத்தைப் பார்ப்பேன். கறுத்த மரங்கள். வெள்ளையாய் நுரைக்கிற ஆறு. வள்ளத்தில் எட்டுப் பேர், சிவப்புக் குல்லாய் போட்டு, கையில் கட்டைத் துடுப்பு. அவர்களுக்கு நடுவில் கட்டுக் கட்டாக ஏதோ சாமான். சாமானுக்கு மேலே சாய்ந்துகொண்டு ஒன்பதாவது ஆள். கறுத்தக் கோட்டும் உயரத் தொப்பியும். அவர் மட்டும் துடுப்புப் பிடிக்கவில்லை. இரண்டு கையையும் முழங்காலில் வைத்திருந்தார்.

எனக்கு அந்தப் படத்தில் எல்லாமே கேள்விதான். கரையோரத்தில் எங்கள் கடல் இடுப்பளவு ஆழம்; வள்ளத்தில் நின்றுகொண்டு கம்பால் ஊன்றித் தள்ளிப் போவார்கள். இவர்கள் ஏன் முழந்தாளில் நிற்கிறார்கள்? பாய் எங்கே? கட்டுக்குள் என்ன?

மணிக்காரர் ஒவ்வொரு காலையும் மணி அடித்துவிட்டுக் குசினி வாசலுக்கு வந்து தேத்தண்ணி வாங்கிக் குடிப்பார். என் கேள்விகளை உட்கார்ந்து கேட்ட பெரிய ஆள் அந்தக் கரையில் அவர் ஒருவர்தான். நான் தாளை இழுத்துக்கொண்டுபோய் அவர் முன்னால் விரித்தேன்.

"முழந்தாளிலை நிக்கினம். அப்ப எங்களைப் போல வேதக்காரர்தான்," என்றார் முதலில்.

"தொப்பிக்காரர் ஏன் மாமா வலிக்கேல்லை?"

"அவர் சம்மாட்டி. வள்ளம் அவரின்ரை. வள்ளம் வைச்சிருக்கிறவன் எந்த ஊரிலை பிள்ளை வலிச்சவன்?"

"கட்டுக்குள்ளை என்ன?"

அவர் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "கருவாடு. கட்டின கட்டைப் பார். கருவாட்டுச் சிப்பம்தான்."

"கருவாடெண்டால் காகம் எங்கை?"

மணிக்காரர் படத்தின் வானத்தை மூலை மூலையாகத் தேடினார். ஒரு காகமும் இல்லை. கருவாடு ஏற்றிய வள்ளத்துக்குப் பின்னால் காகம் வராமல் இருக்குமா? தேத்தண்ணி ஆறும்வரை யோசித்தார். "கெட்டிக்காரி," என்றார். "எனக்குத் தெரியாது. வா, சுவாமியிட்டைக் கேப்பம்."

தெரியாது என்று ஒரு பெரிய ஆள் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

சுவாமியார் விறாந்தையில் இருந்தார். படத்தைப் பார்த்ததும் அவருடைய முகம் மலர்ந்தது. "சிறு பெண்ணே, இது கருவாடு அன்று. இவை தோல்கள். அங்கே நீரில் வாழும் ஒரு பிராணி உண்டு. எலியைப் போன்ற பற்கள், நாயளவு உடல். தன் பல்லினால் மரத்தை வெட்டி வீடு கட்டும். அதன் உரோமத்தில் தண்ணீர் ஒட்டாது. அந்த உரோமத்தால் எங்கள் தேசத்தில் தொப்பி செய்தார்கள்." பிறகு கொழுக்கியில் தொங்கிய தன்னுடைய கறுத்தத் தொப்பியைக் காட்டினார். "என் தொப்பியும் அதுவே. எனக்கு முன் இரண்டு குருக்கள் அணிந்தது. மழையில் இதற்குள் ஒரு துளியும் இறங்காது."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "சீ! எலிமயிரையோ இவ்வளவு நாளும் தூசு தட்டினனான்?"

அதற்குப் பிறகு அம்மா அந்தத் தொப்பியை இரண்டு விரலால்தான் தொட்டார். மணிக்காரர் போகும்போது என் காதுக்குள், "இத்தினை பேர் உயிரைக் குடுத்து வலிச்சது ஒரு தொப்பிக்கோ பிள்ளை?" என்றார். எனக்கு அதிசயம் வேறு. நீரில் வாழ்ந்த பிராணி செத்துத் தொப்பியான பிறகும் அதன் மயிருக்குத் தண்ணீரை ஞாபகம் இருக்குமா? சுவாமியார் சொன்னது உண்மையா? யாராவது தண்ணீரில் போட்டுப் பார்த்தார்களா?

அது தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடித்த காலம். ஒரு நாள் சுவாமியார் விடியப்புறமே எதிர்த் தீவுக்குப் பூசை வைக்க வள்ளம் ஏறினார். காற்றுக்குத் தொப்பி பறக்கும் என்று தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு போனார். தொப்பி கொழுக்கியில் கிடந்தது.

சுவாமியார் வீட்டுப் பின்கதவிலிருந்து கடல் இருபது அடி. நான் தொப்பியைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு போனேன். வள்ளம் விடுகிற எண்ணம் எனக்கு இருக்கவில்லை, நனைகிறதா என்று பார்க்கத்தான் போனேன். ஆனால் தண்ணீரில் வைத்ததும் அது மல்லாந்து எவ்வளவு வடிவாக மிதந்தது தெரியுமா? விளிம்பு நாலு பக்கமும் விரிந்து, உள்ளே காய்ந்தபடி. உள்ளே சுற்றிவர ஒரு தோல் பட்டி இருந்தது. என் சட்டைப் பையில் கொத்து விளையாடுகிற புளியங்கொட்டை இருந்தது. பட்டிக்குள் இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு, நெருக்கிச் செருகினேன். சம்மாட்டிக்கு ஒரு குண்டுமணி. சிவப்பு உடம்பு, கறுத்தத் தொப்பி. அவரையும் பட்டிக்குள் பின்னால் இருத்தினேன். எட்டுப் பேர் வலிக்க ஒருவர் சும்மா இருக்க, வள்ளம் ஆயத்தம். கையை எடுத்தேன். சோளகம் வந்து அதைக் கொண்டுபோய்விட்டது.

நெஞ்சளவு தண்ணீர்வரை பின்னால் போனேன். அதற்கு மேல் பயம். ஐயாவை எடுத்த கடல் அது.

எங்கள் கரையில் ஒரு முறை இருந்தது. கடலுக்குப் போனவரின் சால்வையோ துண்டோ தனியே கரைக்கு வந்தால், முதலில் துக்க மணி அடிக்க வேண்டும். மணி கேட்டால் கடலில் நிற்கிற வள்ளங்கள் எல்லாம் தொழிலை விட்டுத் தேடத் தொடங்கும். என் ஐயாவின் சால்வை வந்தபோதும் அப்படித்தான் அடித்தார்கள். அடித்தவர் இதே மணிக்காரர்.

மத்தியானம் வலை இழுத்தவர்கள் தொப்பியைக் கண்டார்கள். ஒருவர் அதைக் கம்பு நுனியில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, சுவாமியின்ரை தொப்பி!" என்று குழறினார். கோயில் படியில் நின்ற மணிக்காரர் தூரத்திலேயே அதைக் கண்டு, மணிக்கயிற்றுக்கு ஓடினார். சுவாமியாரின் உத்தரவில்லாமல் மணியைத் தொடக்கூடாது என்று ஒரு கட்டளை இருந்தது. குறுக்கே வந்த ஒரு பெண், "உத்தரவு கேட்டனீங்களோ?" என்று கேட்டார்.

"செத்த சுவாமியிட்டைப் போய் உத்தரவு கேக்கச் சொல்லுறியோ, விலகு!"

மணி அடித்தது. அதைக் கேட்டு அடுத்த கோயிலில் அடித்தார்கள். அதைக் கேட்டு அதற்கு அடுத்த கோயிலில். ஆயர் வீட்டுக்குத் தந்தி போயிற்று. பின்னேரம் கரை முழுக்க வெள்ளைச் சேலையாக நிற்க, எதிர்த் தீவிலிருந்து ஒரு வள்ளம் வந்தது. தலையில் துவாயோடு சுவாமியார் இறங்கினார். கூட்டத்தைப் பார்த்துப் பதறிப்போய், "யார் மரித்தது?" என்று கேட்டார்.

முன்னால் நின்ற ஒரு பெண், "நீங்கள்தான் சுவாமி," என்றார்.

நீங்கள் சிரிக்கிற இடம் இதுதான். அன்று கரையிலும் சிலர் சிரித்தார்கள். ஆனால் ஆயர் வீட்டில் அதற்குள் அவருடைய ஆன்மாவுக்குச் செத்தவர் பூசை வைத்துவிட்டார்களாம். அடுத்த கிழமை கடிதம் வந்தது. உத்தரவில்லாமல் மணி அடித்தவன் இனி அந்தக் கோயிலில் இருக்கக்கூடாது. மணிக்காரரின் வீடு கோயில் காணியில். வேலை போனால் வீடும் போகும். சுவாமியாருக்கு மனமில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் கடிதத்தை வாசித்தார். தொப்பி எப்படிக் கடலுக்குப் போனது என்று அவர் யாரையும் கேட்கவில்லை. யன்னல் திறந்து கிடந்தது, காற்று என்று அவரே முடிவு செய்துவிட்டார். அந்தத் தொப்பியைத் துடைத்துத் திரும்பவும் போட்டுக்கொண்டார்.

அம்மாவுக்குத் தெரியும். வெறும் கொழுக்கியையும் என் ஈரச் சட்டையையும் மணி அடிக்க முதலே பார்த்துவிட்டார்.

"நீ ஒண்டையும் தொடேல்லை. காத்துக் கொண்டு போனது. விளங்குதோ?"

"ஓம்."

"ஆரும் கேட்டால்?"

"காத்து." பிறகு என்னால் அடக்க முடியவில்லை. "அம்மா, உள்ளுக்குள்ளை நனைஞ்சதோ எண்டு மட்டும் ஒருக்காப் பாக்கட்டோ?"

கன்னத்தில் விழுந்த அடி இன்னும் சுடுகிறது. படத்தையும் அடுப்புக்குள் வைத்தார். சிவப்புக் குல்லாய்கள் கடைசியாகத்தான் எரிந்தன. பள்ளிக்கூடம் சுவாமியார் வீட்டு மதிலோடு இருந்தது. அங்கே இருந்தால் என்றாவது ஒரு நாள் என் வாயிலிருந்து விஷயம் வந்துவிடும் என்று அம்மா பயந்தார். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு அப்படித்தான் நின்றது. அம்மாவை நான் குறை சொல்லவில்லை. அந்தக் குசினியை விட்டால் எங்களுக்கு வேறு அடுப்பு இல்லை. ஆனால் சுவாமியாரிடம் போய்ச் சொல்லியிருந்தால், அந்த மனிதர் என்னைக் கூப்பிட்டுப் படத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியிருப்பார் என்றும் நினைக்கிறேன்.

மணிக்காரர் வண்டியில் சாமான் ஏற்றிய நாள், நான் மதிலுக்குப் பின்னால் நின்றேன். அவருடைய சின்ன மகள் மடியில் ஒரு கோழியைப் பிடித்துக்கொண்டு மேலே இருந்தாள். மணிக்காரர் மதில் பக்கம் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. அது எனக்கு விளங்கவில்லை.

அந்தக் கோழி பிடித்த பிள்ளைதான் மூன்று வருடத்துக்கு முன் நம் மண்டபத்துக்குள் நடந்து வந்து, என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, தகப்பனின் கதையைச் சொன்னவர். அதே கரை என்று மட்டும் அவருக்குச் சொன்னேன். குசினிக்காரியின் மகள் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு புதனும் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அந்தக் கடைப் படம் வந்த பிறகு அதுவும் போதவில்லை. ஒரு புதன், எல்லோரும் போன பிறகு, கார்கள் நிறுத்துகிற இடத்து வாங்குப் பலகையில் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம். பைக்குள் சஞ்சிகை கிடந்தது. அதை வெளியே எடுக்கத் துணிவு வரவில்லை. படமில்லாமலே சொன்னேன்.

"தங்கச்சி, என்ரை அம்மா சுவாமியார் வீட்டுக் குசினிக்காரி. தொப்பியைக் காத்துக் கொண்டு போகேல்லை. நான்தான் எடுத்துத் தண்ணியிலை விட்டனான்."

அவர் என்னைப் பார்த்தார். ஏதோ கேட்க வாய் எடுத்தார். மகனின் கார் வந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த புதன் வரவில்லை. அதற்கடுத்த புதனும் வரவில்லை. அவருக்குக் குளிரோ, கால் உளைவோ என்று நீங்கள் கேட்டீர்கள். நான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் புதன் வந்தார். சால்வையைக் கூடக் கழற்றவில்லை. நேரே என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"ஏன் அக்கா தண்ணியிலை விட்டனீங்கள்?"

சஞ்சிகையை எடுத்து விரித்தேன். இப்படி ஒரு படம் குசினியில் இருந்தது என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் ஒவ்வொரு குல்லாயாகத் தொட்டுப் போனார். தொப்பிக்காரரிடம் வந்ததும் விரல் நின்றது.

"எட்டுப் புளியங்கொட்டை," என்றார் மெதுவாக. "ஒரு குண்டுமணி."

நான் அதை யாருக்கும் சொல்லவில்லை. அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை.

"ஐயா சாகிறதுக்குக் கொஞ்ச நாளுக்கு முன்னம் சொன்னவர். மணி அடிச்சு முடிச்சாப் பிறகுதான் தொப்பியை அவரின்ரை கையிலை குடுத்தவையாம். உள்பட்டிக்குள்ளை விரலை விட்டால் கொட்டை. எண்ணிப் பாத்தவராம். ஆரின்ரை வேலை எண்டு அப்பவே தெரிஞ்சு போச்சாம். மடியிலை முடிஞ்சு வைச்சிட்டார்."

"அதைக் காட்டியிருந்தால்..."

"அம்மாவும் அதைத்தான் கேட்டவ. அந்தப் பிள்ளையின்ரை தேப்பனுக்கும் நான்தானே மணி அடிச்சனான், ஒரு வீட்டுக்கு எத்தினை தரம் அடிக்கிறது எண்டு சொன்னவராம்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தக் குசினிப் பிள்ளை ஆரெண்டு எனக்குத் தெரியாது. எங்கையோ கரையிலை கிடக்குதெண்டு நினைச்சன். பக்கத்துக் கதிரையிலை இருந்து எனக்குத் தேத்தண்ணி ஊத்துதெண்டு ஆர் கண்டது?"

மலரை வாசிக்கிறவர்களே, அந்த மனிதர் மடையர் இல்லை. இனி அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பதென்றால் என்னைப் பார்த்துச் சிரியுங்கள்.

அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதற்குத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வந்தது வேறு.

"தங்கச்சி, ஐயா அதைச் சொன்னவரோ? உள்ளுக்குள்ளை நனைஞ்சிருந்ததோ?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு அவருடைய வாய் ஓரம் சிரிப்பு வந்தது. தகப்பனுக்கும் அப்படித்தான் வரும்.

"ஒரு பொட்டு ஈரமும் இல்லையாம் அக்கா. கொட்டையெல்லாம் காய்ஞ்சபடி இருந்ததாம்."